சுமிதா பூச்சாடி வாங்கப் போகிறீர்களா? முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

ஜப்பானியப் பழம்பொருள்கள் விற்கும் இணையதளங்களில் ஒரு வகைப் பூச்சாடி அடிக்கடி கண்ணில் படும். உடம்பெல்லாம் மங்கலான செங்காவி நிறம். வாய் விளிம்பிலிருந்து நீலமும் வெள்ளையும் பழுப்புமாக வழிந்து உறைந்த மெருகு, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல இறுகும் பூச்சு. அதன்மேல் ஏறிக்கொண்டும் தொங்கிக்கொண்டும் குரங்குகள். சில ஜாடிகளில் தவளை, டிராகன், யானை இருக்கும். சிலவற்றில் விளையாடும் பிள்ளைகளும் பௌத்தத் துறவிகளும். விற்பவர் ‘சுமிதா’ என்று எழுதி, ‘கையால் செய்தது, கையொப்பம் உள்ளது’ என்றும் சேர்த்திருப்பார். புதிதாகச் சேகரிக்க வருகிறவர் உடனே அந்தக் கையொப்பத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாலு பேரிடம் கேட்பார்.

முத்திரை கடைசி வேலை. அதற்கு முன் மண், உட்புறம், விலங்கு, ஒட்டு, நிறம், பழுது என்று பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையிலேயே போவோம்.

எந்த ஊர்ச் சரக்கு?

விலங்கு ஒட்டிய ஜப்பானியப் பூச்சாடி எல்லாமே சுமிதா ஆகிவிடாது. விற்பவர்கள் இதில் தாராளமாகக் குழப்புவார்கள், சிலர் தெரியாமல், சிலர் தெரிந்தே.

சுமிதா, டோக்கியோவின் ஊடாக ஓடும் ஆறு. பழைய மட்பாண்ட ஊரான செத்தோவிலிருந்து வந்த இனோவுவே ரியோசாய், 1875 வாக்கில் அந்த ஆற்றை ஒட்டிய அசாகுசாவில் சூளை போட்டார். காலமும் தோதாக அமைந்தது. 1868க்குப் பிறகு பிரபுக்களின் ஆதரவு இல்லாமல் போக, ஜப்பானியக் கைவினைஞர்கள் பிழைப்புக்கு வெளிநாட்டுச் சந்தையைப் பார்க்க வேண்டியிருந்தது. அரசாங்கமும் 1873இல் வியன்னா, 1876இல் ஃபிலடெல்ஃபியா என்று உலகக் கண்காட்சிகளுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வரவேற்பறையில் வைத்தால் விருந்தாளி எழுந்து வந்து பார்க்க வேண்டும். அந்தச் சந்தை கேட்டது அதைத்தான். தேநீர்ச் சடங்கின் அடக்கமான கிண்ணங்களைப் பக்கத்தில் வைத்து, ‘இது ஜப்பானிய ரசனையே இல்லை’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஏற்றுமதிக்கென்றே செய்தது என்ற அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஒரு குரங்கின் முதுகு வளைவை மண்ணில் பிடித்த கை யாருக்காகப் பிடித்தால் என்ன?

இதில் வாங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. அன்று கப்பலேறிப் போன ஜாடிகள்தான் இவை. அதனால் ஜப்பானில் மட்டும் தேடாமல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஏலங்களிலும் தேடுங்கள். ரியோசாய் என்ற பெயரில் மூன்று தலைமுறைகள் வேலை செய்திருக்கிறார்கள். ஹரா கோசான், இஷிகுரோ கோகோ போன்ற வேறு பெயர்களும் கண்ணில் படும். மேற்கத்திய வியாபாரிகள் ஒரு காலத்தில் ‘கொரியக் கைதிகள் செய்தது’ என்று கதை கட்டி இதை விற்றார்கள். அந்தக் கதை இன்னும் சில விளம்பரங்களில் உயிரோடு இருக்கிறது. படித்துச் சிரித்துவிட்டு நகருங்கள்.

சுமிதாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடிய பெரிய பெயர் மியாகாவா கோசான். மேலே சொன்ன ஹரா கோசான் வேறு ஆள். மியாகாவா 1842இல் கியோட்டோவில், குயவர் குடும்பத்தில் பிறந்தவர். 1870களின் தொடக்கத்தில் யோகோஹாமா துறைமுக நகருக்கு வந்து மகுசு என்ற பெயரில் சூளை நடத்தினார். ஜாடியின் சுவரிலிருந்து முழுதாக எழும்பி நிற்கும் புறாக்கள், காடைகள், நண்டுகள் என்று அவர் செய்தவற்றைப் பார்த்தால் மண் என்றே நம்ப முடியாது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பழுப்பு மெருகிட்ட ஒரு கிண்ணம் இருக்கிறது, 1881இல் செய்தது. அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டிருக்கும் நண்டுகளின் ஓட்டில் உள்ள சொரசொரப்பு வரை தெரியும். ஜப்பான் அரசு அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. பறவைகளையும் விலங்குகளையும் வீட்டிலேயே வளர்த்து, பார்த்து வரைந்துகொள்வார் என்று சொல்வார்கள். இப்படிப்பட்ட உருவங்கள் சூளையில் வெடிப்பது சகஜம், செய்து முடிக்கவும் காலம் பிடிக்கும். பின்னாளில் அவரே இந்தப் பாணியைக் குறைத்துக்கொண்டு வழவழப்பான போர்சலின் (பீங்கான்) பக்கம் போய்விட்டார். அவருடைய சூளை 1945 மே மாதத்தில் யோகோஹாமா மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தது. ஆகவே குறைந்த விலையில் ‘கோசான்’ என்று ஒன்று வந்தால் சந்தேகப்படுங்கள். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

மெருகே இல்லாமல் செம்மண் நிறத்திலோ கறுப்பாகவோ, உடம்பைச் சுற்றி ஒரு டிராகன் மட்டும் புடைத்து நின்றால் அது பெரும்பாலும் ஐச்சி மாவட்டத்துத் தொகோநாமே சரக்கு. மெருகில்லாத, விறகு நெருப்பின் தழும்புகள் தெரியும் சிங்கமோ வேறு உருவமோ பிசென் என்ற மட்பாண்ட ஊர்ப் பக்கத்தது. பாலாடை நிறத்தில் மெல்லிய விரிசல் வலை பரவி, தங்கப் பூச்சும் இருந்தால் சத்சுமா என்ற வகை. அது வேறு மண், வேறு கதை.

மண்

ஸ்டோன்வேர் என்றால் என்ன என்று தெரிய ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. நம் வீட்டுப் பரணில் இருக்கும் ஊறுகாய் ஜாடியும் அந்த இனம்தான்: ஏறக்குறைய 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுகி, மெருகில்லாத இடத்தில்கூட அதிகம் தண்ணீர் குடிக்காத, கையில் கனமான மண். தாழ்ந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம் அப்படியல்ல, ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஜாடி கையில் கிடைத்தால் கவிழ்த்து, அடியில் மெருகு படாத வளையத்தை ஈர விரலால் ஒரு தொடு தொடுங்கள். ஈரம் மேலேயே கொஞ்ச நேரம் நின்றால் ஸ்டோன்வேர் பக்கம். உறிஞ்சி உடனே காய்ந்துவிட்டால் யோசியுங்கள். இதைச் செங்காவி பூசிய இடத்தில் செய்யாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் அடிப்பகுதியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய மண்ணின் நிறமும் பரலும் தெரியும் அளவுக்கு நெருக்கமான படம் வேண்டும்.

அடியைப் பார்க்கும்போதே நடுவில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மேற்கு நாடுகளில் பழைய ஜாடிகளைத் துளைத்து ஒயர் விட்டு மேசை விளக்காக மாற்றும் பழக்கம் பரவலாக இருந்தது. துளை போட்ட ஜாடி விலை குறைவு. அழகாகத்தான் இருக்கும், வாங்கக் கூடாது என்றில்லை. துளை இல்லாத ஜாடியின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

உள்ளே விரலை விடுங்கள்

எனக்குப் பிடித்த சோதனை இது; ஏமாற்றுவது கஷ்டம். குரங்கு ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், ஜாடியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள். வாய் குறுகியதாக இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கையால் செய்த ஜாடியில் உடம்பு தனியாக உருவாகும். அது பாதி காய்ந்து தோல் பதத்துக்கு வந்ததும், தனியே செய்த விலங்கை அதன்மேல் ஒட்டுவார்கள். ஆகவே உட்சுவரில் விலங்கின் வடிவம் தெரியாது. சக்கரத்தின் வளையங்கள் தெரியலாம், அல்லது ஒட்டும்போது உள்ளிருந்து முட்டுக்கொடுத்த விரலின் பதிவு தெரியலாம். அச்சில் கூழ்மண் ஊற்றி எடுத்த மலிவுப் பிரதியில் விலங்கும் உடம்பும் ஒரே தோல். வெளியே குரங்கு புடைத்திருக்கும் இடத்தில் உள்ளே அதே வடிவத்தில் குழி இருக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை அச்சின் தையல் கோடும் தெரியலாம்.

ஒரு விளக்கம்: சிறிய முகங்களையும் தலைகளையும் தனியாக அச்சில் அழுத்தி எடுத்து, பிறகு கையால் உடம்பில் பொருத்துவது பட்டறைகளில் நடக்கிற காரியம்தான். அதைப் போலி என்று ஒதுக்க வேண்டாம். சுமிதா ஜாடிகளின் உடம்பே பல நேரம் சீராக இருக்காது. பக்கங்களைக் கையால் அமுக்கிக் குழித்திருப்பார்கள். அந்தக் கோணல் வேண்டுமென்றே செய்தது.

விலங்கைப் பார்ப்பது

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நல்ல வேலைக்கும் சுமாரான வேலைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பளிச்சென்று தெரியும், இதைக் கற்க ஜப்பானிய மொழி தேவையில்லை.

முதலில் எடை. குரங்கு தொங்குகிறது என்றால் அதன் உடல் எடை எந்தக் கையில் இருக்கிறது? அந்தத் தோள் மேலே இழுபட்டிருக்கிறதா? மற்றக் கை தளர்ந்திருக்கிறதா? நல்ல குயவர் இதைத் தவறவிட மாட்டார். சுமாரான வேலையில் குரங்கு ஜாடியின்மேல் ஸ்டிக்கர் மாதிரி உட்கார்ந்திருக்கும், எந்த மூட்டிலும் பாரம் தெரியாது. அடுத்து, விரல்கள் பற்றும் இடம். விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்து வளைந்திருக்கின்றனவா, அல்லது ஒரு மண் உருண்டையில் நாலு கீறலா? அப்புறம் பார்வை. பல குரங்குகள் இருந்தால் அவை ஒன்றையொன்று பார்க்கின்றனவா, ஏதோ ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கின்றனவா, இல்லை எல்லாமே கேமராவைப் பார்க்கின்றனவா?

ஜாடியைச் சுற்றிப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் அலங்கரித்துவிட்டு முதுகை வெறுமனே விட்டவை நிறைய. ஏற்றுமதிப் பட்டறைக்கு அது வேகமான வழி. நல்ல ஜாடியில் பின்புறம் திருப்பினால் இன்னொரு குட்டி கிடைக்கும், அல்லது முன்னால் தெரிந்த வால் சுற்றி வந்து முடியும்.

கண்ணைப் பழக்க ஒரே வழி, நல்லவற்றை நிறையப் பார்ப்பது. ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்கள் கோல்பேஸ் என்ற பொதுத் தளத்தில் தங்கள் சேகரிப்பின் படங்களை இலவசமாக வைத்திருக்கின்றன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தளத்திலும் மெய்ஜி காலத்து (1868–1912) மட்பாண்டங்கள் இருக்கின்றன. யோகோஹாமா போகிறவர்கள் ரயில் நிலையத்துக்கு அருகில் கோசானுக்கென்றே உள்ள சிறிய மகுசு அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். எல்லா நாளும் திறந்திருக்காது, நாள் பார்த்துப் போங்கள். இதை வாங்க முடியாத நமக்குக் கோசான் எதற்கு என்று கேட்கலாம். அந்த நண்டைப் பார்த்த கண்ணுக்கு, சோம்பலாகச் செய்த குரங்கு உடனே மாட்டிக்கொள்ளும்.

ஜப்பான் தூரம் என்றால் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இருக்கிறது. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கியது. டெபோரா பிசென் ஊரில் தொழில் கற்றவர். அங்கே சுமிதா குரங்குகள் கிடைக்காது. ஆனால் உயர் சூட்டில் வெந்த மண்ணின் கனமும் மெருகின் ஓட்டமும் எப்படி இருக்கும் என்று கையால் தொட்டுப் பார்க்கலாம்.

ஒட்டும் விரிசலும்

மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயும் போகலாம். ஒட்டும் நேரத்தில் உடம்பு ஒரு ஈரத்திலும் விலங்கு வேறொரு ஈரத்திலும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, சேரும் இடத்தில் இழுத்து விரியும். அதனால்தான் இரண்டையும் ஒரே பதத்தில் வைத்து, சேரும் முகங்களைக் கீறி, கூழ்மண் தடவி ஒட்டுகிறார்கள். இவ்வளவு செய்தும் சில இடங்களில் மெல்லிய பிளவு விழும்.

ஆகவே விலங்கின் அடியில் விரிசல் தெரிந்ததும் பயந்து ஓட வேண்டாம். அதன் ஓரத்தைப் பாருங்கள். மெருகு வழிந்து விரிசலுக்குள் இறங்கியிருந்தால், ஓரங்கள் மழுங்கி இருந்தால், அது சூளையிலேயே உண்டானது. உற்பத்தியோடு பிறந்த குறை, பெரும்பாலும் அப்படியே நிலைத்திருக்கும். ஓரம் கூர்மையாக, உள்ளே மெருகு படாத மண்ணின் நிறம் தெரிந்தால் பிற்பாடு அடிபட்டது. அது இன்னும் நீளக்கூடும்.

விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். விரிசல் இருந்தால் சத்தம் அடங்கிப்போகும். ஆனால் இவ்வளவு உருவங்கள் ஒட்டிய ஜாடி நல்ல நிலையிலேயே மணிபோல் ஒலிக்காது. இந்தச் சோதனையை ரொம்ப நம்ப வேண்டாம்.

செங்காவியும் மெருகும்

வாய்ப்புறத்து மெருகு சூளையில் உருகி ஓடியது, கண்ணாடிபோல உறுதியானது. கீழே உள்ள அந்த மங்கலான சிவப்பு அப்படியல்ல. சுட்ட பிறகு பூசிய நிறம் அது, எளிதில் தேயும். நூறு வருடம் கைபட்ட ஜாடியில் புடைத்த இடங்கள், விளிம்புகள், பிடிக்கும் இடங்கள் தேய்ந்து அடிமண் எட்டிப் பார்ப்பது இயற்கை. எங்குமே தேயாமல், பள்ளங்களில்கூட ஒரே சீராகச் சிவப்பு இருந்தால் யாரோ அண்மையில் பூசியிருக்கலாம். சிவப்பு தவிர கறுப்பு, பழுப்பு, பச்சை உடம்புகளும் உண்டு.

பழுது

நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாமே உடையக் கூடியது: வால் நுனி, காது, விரல், டிராகனின் மீசை. பழைய ஜாடியில் ஏதாவது ஒன்று பழுது பார்க்கப்பட்டிருக்கும் என்ற நினைப்போடுதான் பார்க்க வேண்டும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. இருட்டு அறையில் ஜாடி முழுவதும் அடித்தால், பிசினும் புதுப் பெயிண்டும் பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து மாறுபட்டு ஒளிரும். தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்: சுட்ட மண் சில்லென்று இருக்கும், பிசின் அவ்வளவு குளிராது. ஊசியால் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். அடுத்தவர் பொருளில் அது வேண்டாம்.

முத்திரை

சரி, இப்போது கவிழ்த்துப் படிக்கலாம். சுமிதாவில் பெயர் பெரும்பாலும் வெளிர் மெருகிட்ட சிறு பட்டையில் இருக்கும்; அடியிலோ, உடம்பின் பக்கத்திலேயோ. கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவை நீட்டினால் எழுத்து ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் ரியோசாய் என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக வந்தது. பெயரைப் படித்ததும் காலம் தெரிந்துவிடாது. முத்திரை இல்லாமலே நல்ல வேலையும் உண்டு, பெரிய பெயரோடு மோசமான வேலையும் உண்டு. கடைசியில் பாருங்கள் என்றது இதனால்தான்.

காலத்துக்கு ஆங்கில எழுத்துகள் கொஞ்சம் உதவும். 1890இன் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ‘நிப்பான்’ (ஜப்பானுக்கு அந்நாட்டு மொழிப் பெயர்) என்று இருந்தால் ஏறக்குறைய 1891க்கும் 1921க்கும் இடையில். ‘ஜப்பான்’ என்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகு. ‘ஆக்குபைட் ஜப்பான்’ (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952க்குள். ஒன்றுமே இல்லை என்றால் 1891க்கு முந்தியது என்று விற்பவர் சொல்வார். அப்படி முடிவு கட்ட முடியாது: அமெரிக்காவுக்குப் போகாத சரக்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, காகிதச் சீட்டுகள் உரிந்தும் போயிருக்கும்.

வாங்கும்போதும் வந்த பிறகும்

விற்பவரிடம் கேளுங்கள்: நான்கு பக்கமும் அடியும், வாய்க்குள் டார்ச் அடித்து ஒன்று, ஒவ்வொரு விலங்கின் அடிச்சேர்க்கையும் பக்கவாட்டு வெளிச்சத்தில். ‘பழுது பார்க்கப்பட்டதா?’ என்று நேரடியாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதிலைச் சுற்றி வளைத்தால் விட்டுவிடலாம், இதே மாதிரி ஜாடி இன்னொன்று வரும்.

கட்டும் முறையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். குமிழிப் பிளாஸ்டிக்கை உருவங்களின் மேல் நேரடியாக இறுக்கிச் சுற்றினால் வழியிலேயே வால் முறியும். முதலில் குரங்குக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளிகளை மெல்லிய காகிதத்தால் நிரப்பி, அதன் மேல் தளர்வாகச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக, நடுவில் ஐந்து சென்டிமீட்டராவது மெத்தை விட்டு அனுப்பச் சொல்லுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது, இழப்பீடு கேட்க வேண்டி வந்தால் உதவும்.

தூக்கும்போது இரண்டு கையாலும் உடம்பைப் பிடியுங்கள். குரங்கு கைப்பிடி மாதிரி தோதாக இருக்கும், அதைப் பிடித்துத் தூக்காதீர்கள். தூசிக்கு முகத்துக்குப் பவுடர் போடும் மெல்லிய பிரஷ் போதும். செங்காவி உடம்பில் தண்ணீர், சோப்பு, ஈரத் துணி எதுவும் கூடாது, நிறம் கையோடு வந்துவிடும். பூ வைக்க ஆசைப்பட்டால் உள்ளே ஒரு கண்ணாடிக் குழாயையோ நீண்ட தம்ளரையோ இறக்கி, தண்ணீரை அதில் ஊற்றுங்கள்; ஜாடியில் நேரடியாக வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. திறந்த ஜன்னல் பக்கம் வைத்தால் குளவி வந்து குரங்கின் அக்குளிலும் வாய்க்குள்ளும் மண்கூடு கட்டும். கூடு காய்ந்து இறுகியபின் சுரண்டினால் கூடவே நிறமும் உரிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே மரக்குச்சியால் மெல்லத் தள்ளிவிடலாம்.